ஒட்டுக்குக் கீழே

"சித்திய என்ன செய்யப்போறோம்?" என்று பூரணி கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான், கேட்காமல் விட்டிருந்தால்தான் தப்பு, என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு ஆவுடை தண்ணீர் வாளியோடு மொட்டைமாடிக்குப் படியேறினாள். மத்தியானம் சாப்பாடு முடிந்து கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தான் சங்கரலிங்கம் சாய்வு நாற்காலியில், அவர் மகன் திருமலை தரையில் காலை நீட்டிக்கொண்டு, அவன் பெண்டாட்டி பூரணி சுவரில் சாய்ந்து. ஆவுடை அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பீரோவை என்ன செய்ய, கிரைண்டரை என்ன செய்ய, பூஜை சாமானை என்ன செய்ய என்று ஒவ்வொன்றாக வந்த பேச்சு, ஒரு தடங்கலும் இல்லாமல் அப்படியே வந்து சித்தியில் நின்றது. குழாயை மூடியிருந்தால் பதில் காதில் விழுந்திருக்கும். மூடவில்லையே. இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். அவள் புத்தி அப்படி. கெட்ட செய்தி வருகிறது என்றால் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிற புத்தி. தண்ணீர் சத்தத்தில் திருமலை என்ன சொன்னான் என்று தெரியவில்லை, அத்தான் ஏதாவது சொன்னாரா என்றும் தெரியவில்லை, சொல்லியிருப்பார், சொல்லாமல் இருப்பாரா, ஒருவேளை சொல்லாமல்தான் இருந்தாரோ, கழுவின தட்டையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். அக்கா பிரமு போய் ஒரு வருஷம். நேற்றுத்தான் திவசம் முடிந்தது. நாளைக் காலையில் திருமலை தன் காரில் அப்பாவைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போகிறான், வீட்டை வாடகைக்கு விடப்போகிறான், பாளையங்கோட்டையில் இனி அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. இதெல்லாம் தெரிந்த விஷயம். தெரியாதது ஒன்றே ஒன்று. வீட்டில் கிடக்கிற எல்லாச் சாமானுக்கும் ஒரு வழி சொல்லியாகிவிட்டது, ஆவுடைக்கு என்ன வழி என்று ஆவுடையிடம் யாரும் சொல்லவில்லை.

வெயில் தாழ்ந்துவிட்டாலும் தரை சுட்டது. செருப்புப் போடாமல் வந்துவிட்டாள், இறங்கிப் போய்ப் போட்டுக்கொண்டு வரலாம் என்றால் கூடத்தைத் தாண்ட வேண்டும், தாண்டினால் பேச்சு நிற்கும், மூன்று பேரும் அவளைப் பார்ப்பார்கள், வேண்டாம், சுடட்டும். கைப்பிடிச்சுவரை ஒட்டி வரிசையாக ரோஜாத் தொட்டிகள். சிமெண்டுத் தொட்டி, ஓட்டை போட்ட பெயிண்ட் வாளி, விளிம்பு உடைந்த மண் தொட்டி. எலையில படாம ஊத்துட்டி, ராத்திரி ஈரம் நின்னா கரும்புள்ளி விழும், அடியில ஊத்து, அடியில. செத்து ஒரு வருஷம் ஆகியும் செம்பைச் சாய்க்கிற நேரத்துக்கு அக்காவின் குரல் சரியாக வந்துவிடும். அதில் கடுகடுப்பும் இருக்கும், பாசமும் இருக்கும், எது எங்கே முடிகிறது என்று ஆவுடைக்குக் கடைசிவரை பிடிபட்டதில்லை. ரோஜா அக்காவுடையது. தொட்டியில் ரோஜாவைச் சுற்றி நிற்கிறதெல்லாம் ஆவுடையுடையது. யாரும் அப்படிப் பாகம் பிரித்துக் கொடுக்கவில்லை, தானாக அமைந்துவிட்டது. ரோசா தனியா நிக்கக் கூடாது, பூச்சி மொய்க்கும், தொணைக்கு ஏதாவது வைக்கணும் என்று அக்கா எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்தாள். அசுவினிப் பூச்சி அண்டாமல் இருக்க ஒரு தொட்டியில் பூண்டு, வேரில் புழு வராமல் இருக்க ஒரு தொட்டியில் கேந்தி என்கிற செண்டுமல்லிச் செடி, மண் காயாமல் இருக்கக் கொத்தமல்லி, ஓரத்தில் ஓமவல்லி. நேற்றுத் திவசத்துக்கு அடுக்களையில் பூண்டைக் கண்ணில் காட்டவில்லை, மாடியில் அக்காவின் தொட்டியில் அது பாட்டுக்குப் பச்சைப் பசேல் என்று நின்றுகொண்டிருந்தது. ஒரு தடவை ஆவுடை ஆசைப்பட்டுப் புதினாவைக் கொண்டுவந்து குத்தி வைத்துவிட்டாள். புதினாவுக்கு மட்டு மரியாதை கிடையாது, ஒரு மழைக்கே தொட்டி முழுக்க வேர் ஓட்டி ரோஜாவை நெருக்கிவிட்டது. அக்கா அதைப் பிடுங்கி எறிந்துகொண்டே, தொணைக்கு வந்தது தொணையா இருக்கணும், வீட்டப் பிடிக்கப் பாக்கக் கூடாது என்றாள். புதினாவைத்தான் சொன்னாள். சத்தியமாகப் புதினாவைத்தான் சொன்னாள், ஆவுடையும் சிரித்தாள், பிடுங்கிப் போட்டதைப் பொறுக்கிக்கொண்டு போய் ராத்திரிக்குத் துவையல் அரைத்தாள், அத்தான் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். கேந்தி மொட்டு விட்டால் கிள்ளிவிட வேண்டும், அது தலையெடுத்துப் பூத்தால் ரோஜா சோர்ந்து போகும் என்று அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தாள். ஆவுடை வருஷக்கணக்காகக் கிள்ளினாள். அக்கா போன துக்கத்தில் கொஞ்ச நாள் கிள்ள மறந்துபோய்க் கேந்தி பூத்துத் தள்ளிவிட்டது, ரோஜா சோரவும் இல்லை ஒன்றும் இல்லை, அதுவும் பக்கத்திலேயே பூத்தது. அன்றைக்கு ஆவுடைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. செத்துப்போனவள் மேல் அப்படிக் கோபப்படலாமா என்று பிறகு பயந்துபோய்ப் படத்துக்கு விளக்கேற்றி வைத்தாள்.

அவளையும் துணைக்கு என்றுதான் அனுப்பினார்கள். கல்லிடைக்குறிச்சியில் தாவணி கட்டிக்கொண்டு டைப் அடிக்கப் படித்துக்கொண்டிருந்தவளை, அக்காவுக்குப் பிள்ளை பிறந்திருக்கு, ஒடம்பு தேறுற வரைக்கும் ரெண்டு மாசம் இருந்துட்டு வாட்டி என்று அம்மா பஸ் ஏற்றிவிட்டாள். பிள்ளைக்கு மாந்தம் வந்தது, அக்காவுக்கு இடுப்பு வலி வந்தது, பிறகு பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வந்தது, ரெண்டு மாசம் எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை. ஒரு வரனும் வந்தது. தென்காசிப் பையன், பேர்கூட ஞாபகம் இருக்கிறது, வேண்டாம், இப்போது அந்தப் பேர் எதற்கு. பெண் பார்க்க வருகிற வாரம் திருமலைக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலை சொருகின வீட்டில் பெண் பார்க்கிறதா, அப்புறம் பாப்போம் என்று அக்கா சொன்னாள். அம்மை இறங்கி, பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் விட்டு, அவன் பழையபடி ஓடியாடி, பெரிய வகுப்புக்குப் போய், மீசை வைத்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகிவிட்டது, அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அக்கா வேண்டுமென்று செய்தாளா என்று எத்தனையோ தடவை புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். இல்லை. மறந்துவிட்டாள். வேண்டுமென்று செய்திருந்தால் முகத்துக்கு நேரே நின்று சண்டை போட்டிருக்கலாம், மறந்துபோனவளிடம் என்னத்தைச் சண்டை போட. அந்த அக்காதான் ஆஸ்பத்திரியில் நர்ஸ் கஞ்சி கொடுத்தால் துப்புவாள், அத்தான் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், ஆவுடை கையால் கொடுத்தால் மட்டும் வாயைத் திறப்பாள். ஒவ்வொரு வாய்க்கும், நீ சாப்ட்டியாட்டி என்று கேட்பாள். சாப்ட்டேன்க்கா என்று ஆவுடை ஒவ்வொரு வாய்க்கும் பொய் சொல்வாள். கடைசி நாளில் கேட்கவில்லை. கேட்காமலே வாயைத் திறந்தாள். டாக்டர் வந்து சொல்வதற்கு முன்னாலேயே ஆவுடைக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஒரு கேள்வியைக் கேட்க இனி உலகத்தில் ஆள் கிடையாது. தொட்டி நிறைந்து தண்ணீர் காலில் வழிந்துகொண்டிருப்பதை அவள் கொஞ்சம் தாமதித்துத்தான் பார்த்தாள்.

கடைசித் தொட்டிக்கு வந்துவிட்டாள். தினமும் இதற்குக் கடைசியில்தான் ஊற்றுவது. இதில்தான் சந்தன ரோஜா இருந்தது. சந்தன நிறம் என்றும் சொல்ல முடியாது, ஆரஞ்சு என்றும் சொல்ல முடியாது, நடுவில் ஒரு நிறம், இதழ் ஓரத்தில் மட்டும் லேசாகச் சிவப்பு ஓடியிருக்கும், ஒரு பூ விரிந்தால் படிக்கட்டுவரை வாசம் இறங்கி வரும். தோவாளைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன அக்கா பந்தியில்கூட உட்காராமல் ஓடிப்போய் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த செடி. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளில் மாடிக்கு யார் ஏறினார்கள். மற்றத் தொட்டிகள் எப்படியோ தாக்குப் பிடித்தன, இது மட்டும் குச்சியாகிவிட்டது. காரியமெல்லாம் முடிந்து ஏறிவந்து நகத்தால் கீறிப் பார்த்தாள், உள்ளே பழுப்பு. ஆனாலும் ஊற்றினாள். செத்த குச்சிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினால் பார்க்கிறவர்கள் பைத்தியம் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். ஒரு நாள் மண்ணை ஒட்டி, சிவப்பாக, சின்ன இலையோடு ஒரு முளை. ஆவுடைக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. படியின் தலைமாட்டில் நின்று, அத்தான், வந்து பாருங்க, அக்கா ரோசா துளுத்துட்டு என்று கூப்பிட்டாள். மாடிப் பக்கம் வருவதையே விட்டுவிட்ட மனுஷர், மூட்டுவலிக்காரர், சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்து குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மறுநாள் சாயங்காலம் கூப்பிடாமலே வந்தார். அதற்கப்புறம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் மேலே வந்தது. முளை கொடியாக நீண்டு, இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து, சுவருக்கு வெளியே தலையை நீட்டியது, மொட்டு மட்டும் வைக்கவே இல்லை. பக்கத்து மாடி ஸ்டெல்லா டீச்சர்தான் கண்டுபிடித்தாள். அந்த டீச்சர் வீட்டு முட்டை ஓட்டை அக்கா சுவருக்கு மேலேயே வாங்கி, செடிதான திங்குது, நாமளா திங்கோம் என்று சைவ வீட்டு மாடியில் நொறுக்கிப் போடுவாள், அப்படி ஒரு சிநேகம். டீச்சர் எட்டிப் பார்த்து, ஆவுடை, இது பிரமு ரோஸ் இல்ல, எலையப் பாரு, அவா ரோசுக்கு அஞ்சஞ்சா இருக்கும், இது ஏழேழா இருக்கு என்றாள். கடையில விக்கிற ரோஸ் எல்லாம் ஒட்டுச் செடில்லா, வேரு ஒரு காட்டு ரோசோடது, அதுமேல நல்ல ரோச வச்சுக் கட்டியிருப்பான், மேல இருந்தவ செத்துப்போனா, ஒட்டுக்குக் கீழ இருந்து வேர்க்காரி கெளம்பி வந்திருக்கா, இது ஒண்ணுத்துக்கும் ஆகாது, வெட்டி எறிஞ்சுட்டு வேற வையி. அந்த வேர்க்காரிக்குப் பேர் என்ன டீச்சர் என்று ஆவுடை கேட்டாள். டீச்சருக்குத் தெரியவில்லை. ஆவுடை அதை வெட்டவும் இல்லை, அத்தானிடம் சொல்லவும் இல்லை. அக்கா பொழச்சுட்டா என்று அந்த மனுஷர் தினமும் படியேறி வருகிறாரே, அவரிடம் போய் எப்படிச் சொல்ல, உங்க பெண்டாட்டி ரெண்டாவது தடவையும் செத்துட்டா என்றா. அதனால் ஒவ்வொரு சாயங்காலமும் இந்தத் தொட்டிக்கு ஊற்றும்போது நெஞ்சில் ஒரு முள் குத்தும், ஊற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை.

அவர் உட்கார்ந்திருப்பார், இவள் ஊற்றிக்கொண்டிருப்பாள். அக்கா இருந்தவரை அத்தானிடம் ஆவுடை பேசினது என்ன, காப்பி வேணுமா, வெந்நி வச்சிருக்கேன், இவ்வளவுதான். இப்போதும் நேராகப் பேசவில்லை. செடியிடம் பேசினாள். நாளைக்குக் கத்திரிக்கா வாங்கணும், பூச்சி இல்லாததா பாத்து வாங்கணும் என்று கொத்தமல்லியிடம் சொல்வாள், மறுநாள் அத்தான் பையில் கத்திரிக்காய் இருக்கும். எதிர்வீட்டுக்காரி, ரெண்டு பேருக்குத்தான சமையல், சீக்கிரம் முடிஞ்சிருமே என்று கேட்டதை மட்டும் செடியிடம் சொல்லவில்லை. அவள் கேட்ட கேள்வியில் ஒன்றும் இல்லை, கேட்டுவிட்டு வாயை முந்தானையால் மூடிக்கொண்டாளே, அதில்தான் எல்லாம் இருந்தது. ஒரு வருஷம் ஒரே வீட்டில். அவர் முன்னறையில், இவள் அடுக்களையை ஒட்டின அறையில், நடுவில் அக்கா படம். பயப்பட என்ன இருக்கிறது. ஒன்றும் இல்லை. ஒன்றும் இருந்ததும் இல்லை. அந்த ஒரு தடவை தவிர, அதுவும் ஒன்றும் இல்லாததுதான். திருமலை பள்ளிக்கூடம் போயிருந்தான், அக்கா குளித்துக்கொண்டிருந்தாள், ஆவுடை அக்காவின் பழைய பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு அடுக்களையில் திரும்பி நின்று அரிசி களைந்துகொண்டிருந்தாள். அத்தான் மாடியிலிருந்து ஒரு ரோஜாவைப் பறித்துக்கொண்டு வந்து, பிரமு, திரும்பாத என்று சொல்லித் தலையில் வைத்துவிட்டார். ஆவுடை திரும்பவில்லை. திரும்பியிருக்க வேண்டும், அத்தான் நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும், ஒரு மூச்சு நேரம் சும்மா நின்றுவிட்டாள். பிறகு திரும்பினாள். அவர் முகம் செத்துப்போயிற்று. பூவைத் தலையிலிருந்து எடுத்துத் தண்ணீர்ச் செம்பில் போட்டாள், அவர் வெளியே போய்விட்டார், அக்கா குளித்துவிட்டு வந்து, பூவ யாரு பறிச்சா என்று கேட்டாள், நான்தான்க்கா என்றாள் ஆவுடை, அதற்கும் திட்டு வாங்கினாள். எல்லாம் நரை விழுவதற்கு எவ்வளவோ முந்தின கதை. அதை ஏன் இன்றைக்கு நினைக்க வேண்டும், திவசம் முடிந்த மறுநாளில், அக்காவுடைய மாடியில் நின்றுகொண்டு, சீ, இதென்ன புத்தி. கையில் ஒட்டின மண்ணைச் சேலையில் துடைத்தாள், பிறகு மண்ணைச் சேலையில் துடைத்துவிட்டோமே என்று வருத்தப்பட்டாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அத்தான் இல்லை, அத்தான் ஒவ்வொரு படிக்கும் நின்று ஏறுவார். திருமலைதான். "சித்தி, தண்ணி ஊத்தி முடிச்சாச்சா?" என்றான். "இந்தா முடிஞ்சிட்டுப்பா." அவன் கைப்பிடிச்சுவரில் சாய்ந்துகொண்டு கேந்திப் பூவை ஒரு விரலால் தட்டினான். சின்னப் பிள்ளையில் இவன், நீ வா, நீ போ, நீ இல்லாம நான் தூங்க மாட்டேன் என்றுதான் சொல்வான். வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போனபிறகு ஒரு தீபாவளிக்கு வந்து, நீங்க எப்படி இருக்கிய சித்தி என்றான். மரியாதையாகத்தான் கேட்டான். ஆவுடைதான் அன்றைக்கு முழுக்க எதையோ தொலைத்தவளாக அலைந்தாள். "ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் சித்தி" என்றான் இப்போது. கேட்கப்போகிறான். எங்ககூட வாங்க சித்தி என்று கேட்கப்போகிறான். கேட்டால் உடனே சரி என்று சொல்லிவிடக் கூடாது, கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நிற்க வேண்டும், எனக்கு அங்க என்னப்பா வேலை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஒரு வார்த்தைதான், அதற்கு மேல் சொன்னால் விட்டுவிடுவான். "அப்பா அந்தத் தொட்டியக் கார்ல கொண்டுட்டு வரணும்னு ஒத்தக்கால்ல நிக்காவ" என்று அவன் சந்தன ரோஜாத் தொட்டியைக் காட்டினான். "டிக்கியில வச்சா ஒடிஞ்சு போயிருமாம், பின் சீட்டுல அவிய பக்கத்துலதான் வைக்கணுமாம். பின் சீட்டுலதான் நாங்க பெட்டியெல்லாம் வைக்க நெனச்சோம். நீங்க சொன்னா அப்பா கேப்பாவ." ஆவுடை செம்பை வாளிக்குள் வைத்தாள். நல்லவேளை, வைப்பதற்கு ஒன்று கையில் இருந்தது. "அக்கா செடின்னு கேக்காவ. எடம் பண்ணிக் குடுப்பா" என்றாள். அவன் பெருமூச்சு விட்டான். "சரி, பாக்கேன். அப்புறம் சித்தி, கல்லிடைக்குறிச்சி மாமாட்ட பேசிட்டேன். நீங்க கொஞ்ச நாளைக்கு அங்க இருங்க. எங்க வீடு சின்னது, அப்பா வந்தாலே நெருக்கடிதான். அப்புறம் பாப்போம்." ஆவுடை அவன் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் அந்த அம்மைத் தழும்பு இன்னும் இருந்தது. "சரிப்பா" என்றாள். "கோவம் இல்லியே?" என்று கேட்டான். "எனக்கு என்னப்பா கோவம்" என்றாள். அவன் நிம்மதியாக இறங்கிப் போனான்.

கல்லிடைக்குறிச்சியில் தம்பி வீடு ஒன்றும் மோசமில்லை. தம்பி பெண்டாட்டி தங்கமானவள், உக்காருங்க மைனி, நான் பாத்துக்கிடுதேன் என்பாள், அந்த வீட்டில் எந்த டப்பாவில் கடுகு இருக்கிறது என்றுகூட ஆவுடைக்குத் தெரியாது, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை வருஷம். இங்கே கண்ணைக் கட்டிவிட்டாலும் கடுகை எடுப்பாள். அதைவிடு. தொட்டிக்கு இடம் இருக்கிறது. அத்தான் பக்கத்தில், சன்னலை ஒட்டி, மெத்தென்ற சீட்டில், காட்டு ரோஜா உட்கார்ந்துகொண்டு சென்னைக்குப் போகிறது, பேர் தெரியாத வேர்க்காரி, மொட்டு வைக்காதவள், அவளுக்கு இருக்கிற யோகம். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தான், அது அக்கா இல்ல. சொல்லிவிட்டால் தொட்டி இங்கேயே கிடக்கும், சீட்டு காலியாகும், காலியானால் பெட்டி ஏறும், ஆவுடை ஏறப்போவதில்லை, பிறகு எதற்குச் சொல்ல. ஆனாலும் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவரும் கொஞ்சம் அழட்டும். இவ்வளவு வருஷத்தில் இவள் போட்ட சோற்றுக்கு, வைத்த வெந்நீருக்கு, அரைத்த துவையலுக்கு ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை, செடிக்கு மட்டும் ஒற்றைக்காலில் நிற்கிறாராம். அக்கா, பாத்தியா ஒன் வீட்டுக்காரர. இப்படிக் கோபம் கோபமாக வந்துகொண்டிருக்கும்போதே அழுகையும் வந்தது, எதற்கு அழுகிறோம் என்று பார்த்தால் ஓர் இடத்தில் நிற்கவில்லை, அக்காவுக்கு, தென்காசிப் பையனுக்கு, இந்தத் தொட்டிகளுக்கு நாளை மறுநாள் யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பதற்கு, எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து வந்தது. கீழே படியில் ஒரு காலடி கேட்டது, நின்றது, அடுத்த காலடி கேட்டது. முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

அத்தான் வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டார். எங்கேயோ ஒரு கோவில் மணி அடித்து ஓய்ந்தது. "இன்னைக்கு ஒண்ணும் பேசலியே" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "என்னத்தப் பேச" என்றாள் ஆவுடை. செடியிடம் சொல்லவில்லை, அவரிடமே சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது, இல்லை, தைரியம் இல்லை, இனி என்ன போகப்போகிறது என்ற ஒரு வெறுப்பு. "அத்தான், அந்தத் தொட்டிய எடுத்துட்டுப் போவாதிய. அது அக்கா இல்ல. அக்கா ரோசா அப்பவே செத்துப்போச்சு. இது வேருல இருந்து வந்த காட்டுச் செடி. எனக்கு ரொம்ப நாளா தெரியும், ஒங்ககிட்ட சொல்லல." சொல்லிவிட்டாள். அவர் உடைந்து போவார் என்று பார்த்துக்கொண்டே நின்றாள், பிடித்துக்கொள்ளக்கூடத் தயாராக நின்றாள். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த கையை மட்டும் நிறுத்தினார். "தெரியும்" என்றார். "டீச்சர் சொன்னாவளா?" "யாரும் சொல்லல. அவா ரோசா எல எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? ரெண்டாம் நாளே தெரியும்." ரெண்டாம் நாள். நாற்காலி வருவதற்கு முன்னாலேயே. "பின்ன எதுக்குத் தெனமும் மூட்டுவலியோட ஏறி வந்திய?" என்று கேட்டாள். அவர் கொத்தமல்லியைப் பார்த்தார். "பின்ன எதுக்கு அத பக்கத்துல வச்சுக் கொண்டுபோவணும்ங்கிய?"

"ஒனக்குத்தான் எடம் கேக்க நெனச்சேன்" என்றார். "மத்தியானம் அவா கேட்டால்லா, சித்திய என்ன செய்யன்னு. அப்பமே சொல்லியிருக்கணும். அவன் மொகத்தப் பாத்தேன், மருமக மொகத்தப் பாத்தேன். என்னன்னு சொல்லிக் கேக்க? கூப்பிட்டா, எதுக்குக் கூப்பிடுதாவன்னு நெனைப்பாங்கல்லா. வாயத் தொறந்தேன் ஆவுடை. தொட்டிக்கு எடம் வேணும்னு வந்துட்டு." மேல்துண்டின் நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார். "நீ ஊத்தி வளத்ததுல்லா" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

ஆவுடை சுவரைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷமா, வயிற்றெரிச்சலா, என்ன எழவு இது என்றே தெரியவில்லை, உடம்பு முழுக்கச் சூடு ஏறியது, வெயில் போய் எவ்வளவு நேரம் ஆயிற்று. கேட்டுவிட்டாள், இந்த ஒரு வார்த்தையைக் காதால் கேட்டாகிவிட்டது, இதோடு போதும் என்று கல்லிடைக்குறிச்சிக் கட்டிலில் போய் உட்கார்ந்துவிடலாம். அப்படித்தான் எப்போதும் நினைப்பாள். இந்த ஒரு தடவை போதவில்லை. பிறந்ததிலிருந்து யாரிடமும் தனக்கென்று ஒன்று கேட்டதில்லை, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, பிய்த்து எடுத்தாள். "இப்பப் போய்க் கேளுங்க அத்தான்" என்றாள். "அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான். நான் தூக்கி வளத்த பிள்ளை. நீங்க ஒரு வார்த்த கேட்டாப் போதும். முடியாதுன்னு சொன்னாலும் சொல்லிட்டுப் போறான், நீங்க கேட்டியன்னு இருக்கட்டும்." அவர் அவளை ஒரு நிமிஷம் நேராகப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். நாற்காலிக் கையை ஊன்றி எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கினார். ஆவுடை படியின் தலைமாட்டில் வந்து நின்றுகொண்டாள். கூடத்து விளக்கு எரிந்தது. சாய்வு நாற்காலி கிறீச்சிட்டது. "என்னப்பா, ஏதாவது வேணுமா?" என்று திருமலை கேட்டான். அவர் தொண்டையைச் செருமினார். திருமலை மறுபடியும், "என்னப்பா?" என்றான்.

"காலைல எத்தன மணிக்குப்பா கெளம்பணும்?" என்று அத்தான் கேட்டார்.